அக்காவுக்கு வேலை தேடி ஓசூர் போனோம்

இது 2008 மே மாதக் கடைசியில் அருப்புக்கோட்டையிலிருந்து ஓசூருக்குப் போன பயணம். அருவி, கோட்டை, கோயில் பார்க்க நினைப்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஓசூரில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனிகளுக்குப் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் பேசி முடித்து, பையைக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கிளம்புவதற்கு முன் எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்வந்து எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இதைப் பற்றி யாரும் எழுதியிருக்கவில்லை.

என் பெயரைச் சொல்லப் போவதில்லை. பதினாறு வயது, பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவேண்டியவள். அக்காவின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன், சாந்தி என்று. ஓசூரில் சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு மேல் இணையம் கணக்கில் வராது என்று சித்தப்பாவே சொன்னார், அதனால்தான் இந்த நேரம். எல்லாரும் தூங்குகிறார்கள். மானிட்டர் வெளிச்சம் உள்ளறைக்குள் போகாமல் கதவைச் சாத்தியிருக்கிறேன். யாராவது இருமினால் கையை எடுத்துவிடுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முதல் வகுப்பில் தேறியவள். முடித்து ஒரு வருடமாக எங்கள் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சின்னப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓசூரில் பிட்டராக இருக்கும் சித்தப்பா போன் பண்ணி, தெரிந்த கான்ட்ராக்டர் ஒருவர் இருக்கிறார், உடனே கிளம்பி வாருங்கள் என்றார். அப்பா ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். லீவு சொல்லும்போது கடை முழுவதும் சொல்லிவிட்டார். பிறகு தெருவும் சொல்ல ஆரம்பித்தது. எதிர்வீட்டில் பிளாஸ்க் வாங்கிக் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டில் ஸ்வெட்டர். அக்கா ஒரு நாள்கூட வெளியூரில் தனியாகப் படுத்ததில்லை என்பதால், பள்ளிக்கூடம் திறக்கும்வரை துணைக்கு இருக்கட்டும் என்று அம்மா என்னையும் அனுப்பினாள்.

வியாழக்கிழமை மாலை கிளம்பினோம். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். மதுரை மாட்டுத்தாவணியில் இரவு எட்டரைக்கு ஓசூர் வழி பெங்களூர் போகும் அரசுப் பேருந்து. ஏறக்குறைய முந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், ஆளுக்கு நூற்றெண்பத்தைந்து ரூபாய். பின்சக்கரத்துக்கு மேல் உள்ள இருக்கையில் உட்காராதீர்கள். தொப்பூர் கணவாய் தாண்டியதும் குளிர ஆரம்பிக்கும், மே மாதம்தானே என்று அலட்சியமாக வராதீர்கள். எனக்கு அங்கேதான் விழிப்பு வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருந்தாள், என் கை நனைந்திருந்தது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை வேர்க்கும். பரீட்சை எழுதும்போதுகூடக் கைக்கு அடியில் கர்ச்சீப் வைத்துக்கொள்வாள். எங்கள் வீட்டில் அது யாருக்கும் ஒரு விஷயமே இல்லை.

கிருஷ்ணகிரி தாண்டிக் குந்தாரப்பள்ளியில் விடியும் முன்பே பேருந்து நின்றுவிட்டது. அன்று சந்தை நாள். ஹைவேயில் மாடுகளும் மினி லாரிகளும். கண்டக்டர் இறங்கிப் போய்த் தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை திட்டிவிட்டு வந்தார். "மாட்டுக்கு எந்த பாஷை தெரியும்னு நமக்கு எப்டிங்க தெரியும்?" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா சிரித்தார். இந்தப் பயணத்தில் அப்பா சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

ஆறரை மணிக்கு ஓசூர். பேருந்து நிலையத்தில் பாதி வண்டிகளில் கன்னடப் பலகை. சீருடை போட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பேட்ஜ் மாட்டிய பெண்பிள்ளைகள் என் வயதாகத் தெரிந்தார்கள். அப்போது நான் அதை யோசிக்கவில்லை.

அன்றே பத்து மணிக்கு கான்ட்ராக்டரைப் பார்க்கப் போனோம். எல்லாரும் முனிராஜண்ணா என்று கூப்பிடுகிறார்கள், உண்மையான பெயர் இதுவல்ல. பாகலூர் ரோட்டில் ஒரு ஒர்க்ஷாப்புக்கு மேல் மாடியில் அவருடைய இடம். கம்பெனி வாசலில் நேராகப் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். இவரைப் போன்றவர்கள்தான் முதலில் தாங்களே சோதித்து, தேறியவர்களை மட்டும் திங்கட்கிழமை கம்பெனிக்கு அழைத்துப் போகிறார்கள்.

முதலில் நிறப்புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார். அக்கா படித்தாள். அடுத்து ட்வீசரால் மெல்லிய ஊசிகளை எடுத்துத் துளைகளில் நடவேண்டும். அதையும் செய்தாள். மூன்றாவது ஒன்று இருப்பதாக எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு கண்ணாடித் தகட்டைத் துணியால் துடைத்து மேசையில் வைத்தார். உள்ளங்கையை அதில் பதித்து, அவர் போதும் என்றதும் எடுக்கவேண்டும். அக்கா எடுத்தாள். அவள் கை முழுவதும் கண்ணாடியில் இருந்தது. நடுவிலிருந்து ஒரு சொட்டு உருண்டு ஓடியது.

"கை ஈரம் சார்," என்றார் அப்பாவிடம். "போர்டைத் தொட்டா துரு புடிச்சிக்கும். செல்லு ஆறு மாசத்துல செத்துப்பூடும்."

"புள்ள பஸ்ட் கிளாஸுங்க," என்றார் அப்பா.

"மார்க்கு வந்து கையைத் தொடைக்குமா சார்?"

அக்கா கர்ச்சீப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பயத்தில் இன்னும் அதிகம். அவர் தகட்டைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ ஒருவாட்டி வெய்யி. சும்மா வெளையாட்டுக்கு. காய்ஞ்ச கை எப்டி இருக்கும்னு ஒங்கக்காவுக்குக் காமிக்கலாம்."

நான் வைத்தேன். தகட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். அதில் ஒன்றுமே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தகட்டைக் கீழே வைத்து, என் கையைப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு வயசு என்னா?"

மறுநாள் மாலை அவரே சித்தப்பா வீட்டுக்கு வந்தார். டீ குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசினார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, "கம்பெனிக்குப் பதினெட்டு ஆவணும் சார், பாப்பாவ எடுக்க மாட்டாங்க," என்றார். "ஆனா அக்காளோட சர்ட்டிபிகேட் இருக்குதில்ல? பேரு அக்கா பேரு, கை தங்கச்சி கை. போட்டோல ரெண்டும் ஒரே மூஞ்சிதான். நான் ஒண்ணும் புதுசா சொல்லல, எல்லா எடத்துலயும் நடக்கறதுதான்."

"இது சரியா வருமா முனிராஜு?" என்றார் சித்தப்பா.

"வராமயா என் வண்டி தெனம் ஓடுது?"

அப்பா எழுந்து அவரை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். சாயம் போகும் துணி என்றால் வாங்க வந்தவர்களிடமே சொல்லிவிடுகிற ஆள் அப்பா. அதற்காக முதலாளியிடம் எத்தனையோ தடவை ஏச்சு வாங்கியிருக்கிறார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எத்தன வருசத்துக்கு?" என்று கேட்டார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. ரெண்டு வருஷம் என்று முனிராஜண்ணா சொன்னதைக்கூட அவர் வாய் அசைவில்தான் பார்த்தேன். அதற்குள் அக்கா உள்ளே போய்த் தன் ஃபைலை எடுத்துக்கொண்டு வந்து அப்பா பக்கத்தில் வைத்தாள். எல்லாம் ஒரிஜினல். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"ரெண்டு வருசந்தானடி. அப்புறமா பிரைவேட்டா பரீட்ச எழுதிக்கலாம். நான் திரும்பிப் போயி அந்தத் தெருவுல என்னன்னு சொல்லுவேன்?"

முனிராஜண்ணா ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இரவு சாப்பாட்டில் எனக்கு மட்டும் இரண்டாவது முட்டை வைத்தார்கள்.

ஞாயிறு காலை அப்பா என்னைக் கம்பெனிப் பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டல் பார்க்க அழைத்துப் போனார். பேருந்து நிலையத்திலிருந்து சிப்காட் பக்கம் டவுன் பஸ்ஸில் மூன்று ரூபாய், இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. ஆண்களுக்குக் கேட்டுக்கு உள்ளே அனுமதி இல்லை. அப்பா வாட்ச்மேனோடு நின்றுவிட்டார். மூன்று மாடிக் கட்டடம், ஓர் அறைக்குப் பன்னிரண்டு பாய், ஜன்னலுக்கு இரட்டைக் கம்பி. தண்ணீர் நல்ல தண்ணீர், அதைக் குறை சொல்ல முடியாது. எனக்குச் சுற்றிக் காட்ட வந்தவள் பர்கூர்க்காரி, கவிதா என்று பேட்ஜில் இருந்தது. மொட்டைமாடியில் யூனிபார்ம் துவைத்துக்கொண்டே பேசினாள்.

"இன்னா பேர்ல வர்றே?"

நான் என் பெயரைச் சொன்னேன்.

"உம் பேர யார் கேட்டாங்க? இன்னா பேர்ல வர்றேன்னு கேட்டேன்."

அக்காவின் பெயரைச் சொன்னேன்.

"சொந்த அக்காவா? பரவால்ல. நானும் அக்கா பேருதான். எங்க ரூம்ல ஒருத்தி அவ சித்தி பேர்ல இருக்கறா. அந்தக் கணக்குக்கு அவளுக்கு முப்பது வயசு, இன்னும் பல்லு கூட ஒழுங்கா தேய்க்க மாட்டா." சிரித்தாள். "மொத வாரம் கூப்டா திரும்பவே மாட்டே, பாரு. எனக்குக் காது கேக்கலன்னு சூப்பர்வைசரு டாக்டர்கிட்டயே அனுப்பிட்டாரு. டாக்டரு ரெண்டு காதுலயும் லைட் அடிச்சிப் பாத்துட்டு நல்லாத்தானே இருக்குதுன்றாரு."

நானும் சிரித்துவிட்டேன். எப்படிச் சிரித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"உங்க அக்கா இப்ப என்ன பண்றாங்க?" என்று கேட்டேன்.

பிழிந்துகொண்டிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "வூட்லதான் இருக்கறா. நர்சிங் சேரணும்னு ஒரிஜினல் கேட்டு ரெண்டுவாட்டி வந்தா. நான் வேலையில இருக்கறவரைக்கும் குடுக்க மாட்டாங்களாம். நானும் கேட்டுப் பாத்துட்டேன். போன தீபாவளிலேர்ந்து எங்கூடப் பேசறதில்ல."

உன் பெயர் என்ன என்று கேட்டேன். மாடிப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன்.

திரும்பும்போது பேருந்தில் அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, கவிதா சொன்னதைச் சொன்னேன். அவளுடைய ஒரிஜினல் இரண்டு வருடம் வராது, நான் சாந்தியாக உள்ளே இருக்கும்வரை அவள் வெளியே டிப்ளமோ படித்த சாந்தியாக எங்கேயும் போய் நிற்க முடியாது என்று. துணி மடித்துக்கொண்டிருந்தவள், "நெசமாவா சொன்னா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மிச்சத் துணிகளையும் மடித்தாள். அவ்வளவுதான். இனி இதில் மாற்றம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். படுக்கும் முன் சூடான டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தேன், வேர்க்கிறதா என்று. சிவந்ததே தவிர ஈரம் இல்லை. பயந்தால் எல்லாருக்கும் கை வேர்க்கும் என்கிறார்கள். எனக்குக் காய்ந்துபோகிறது.

திங்கட்கிழமை, அதாவது நேற்று, காலை ஆறு மணிக்கு வேன் வந்தது. உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். இந்த முறை துணைக்கு வந்தது அக்கா. அப்பா கம்பெனி வாசலுக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டார். "பேரு கூப்ட்டதும் டக்குனு எழுந்திரு பாப்பா, யோசிக்காத," என்று முனிராஜண்ணா என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

உள்ளே ஒரு நீளமான ஷெட். தேர்வுக்கு வந்தவர்களுக்கு முன்வரிசை பெஞ்சு, கூட வந்தவர்களுக்குச் சுவரோரம். மேசையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு மேடம். எல்லா ஃபைல்களையும் முனிராஜண்ணா அந்த மேசையில் அடுக்கிவிட்டு ஓரமாக நின்றார். எனக்கு முன்னால் போன பிள்ளைக்கு நிறப்புள்ளி எண் தெரியவில்லை. மேடம் ஃபைலை மூடி அவள் கையிலேயே கொடுத்து, போகலாம் என்றார். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே என்னைத் தாண்டிப் போனாள். தேறியவர்களின் ஃபைல் மட்டும் முனிராஜண்ணா பக்கம் போனது. இதை நான் பார்த்தேன். அக்காவும் சுவரோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"சாந்தி."

எழுந்தேன். இரண்டு அடி வைத்திருப்பேன். பின்னாலிருந்து என் தோளை இடித்துக்கொண்டு அக்கா முன்னால் போனாள்.

"நாந்தான் மேடம்."

மேடம் ஃபைலில் இருந்த போட்டோவையும் அக்காவையும் பார்த்தார். நான் நடுவழியில் நின்றுகொண்டிருந்தேன், உட்காரவும் தெரியவில்லை. முனிராஜண்ணா, "மேடம், அது வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவரால் என்ன சொல்ல முடியும்? இது சாந்தி இல்லை, அங்கே நிற்பதுதான் சாந்தி என்றா?

அக்கா எண்களைப் படித்தாள். ஊசிகளை நட்டாள். தகட்டை மேடம் துடைத்து வைத்தபோது அவள் கர்ச்சீப்பை எடுக்கவில்லை. அப்படியே கையை வைத்து அழுத்தினாள்.

"ரொம்ப வேர்க்குதேம்மா," என்றார் மேடம்.

"ஆமா மேடம். சின்னதுலருந்தே."

"டிப்ளமோ வச்சுக்கிட்டு இந்த லைனுக்கு ஏன் வந்தே? வேற பாரு போ." ஃபைலை மூடி அவளிடம் கொடுத்தார். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். என் பக்கம் வந்து, "வா போவோம்," என்றாள். அவள் குரல் நடுங்கவில்லை.

வெளியே டீக்கடைக்கே வந்து முனிராஜண்ணா அப்பாவிடம் கத்தினார். "வூட்ல பேசி முடிச்சிட்டு வரக்கூடாதா சார்? நாலு பேர் முன்னாடி எம் மொகத்துல கரியப் பூசிட்டீங்களே." அப்பா, அக்கா மார்போடு பிடித்திருந்த ஃபைலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முனிராஜண்ணா போனதும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். ஒரு பேருந்தை விட்டுவிட்டோம், அப்பா கை காட்டவில்லை. அடுத்தது வரும்வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றவர், என்னைக் கேட்டார்:

"பள்ளிக்கூடம் என்னைக்குத் தாயி திறக்குறாக?"

"அடுத்த திங்கக்கெழமப்பா."

"புஸ்தகம் குடுத்துட்டாகளா?"

"திறந்தப்புறந்தான் குடுப்பாக."

தலையை ஆட்டினார். அக்கா ஓசூரிலேயே இருக்கப் போகிறாள். இராயக்கோட்டை ரோட்டில் யுபிஎஸ் சர்வீஸ் கடை ஒன்று இருக்கிறது, மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று சித்தப்பா சொன்னார். கை ஈரமாக இருந்தால் அங்கேயும் கரண்ட் அடிக்கும் என்று சித்தி சொல்ல, "ரப்பர் கிளவுஸ் எதுக்குச் சித்தி இருக்கு?" என்றாள் அக்கா. விடிந்ததும் போய்ப் பார்ப்பாள். நானும் அப்பாவும் இன்று இரவுப் பேருந்தில் திரும்புகிறோம். அதுவரை எனக்குப் பயம்தான். முனிராஜண்ணா மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறார். சித்தப்பாவின் போன் அடிக்கும்போதெல்லாம் அவர்தானோ என்று போய் நிற்கிறேன். "எத்தன வருசத்துக்கு" என்று கேட்ட அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றும் தெரியவில்லை. இன்றைக்குப் பத்து மணி நேரம் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து போகவேண்டும்.

இனி வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள். காலை ஏழு மணிக்கு மேல் பேருந்து நிலையத்திலிருந்து சிப்காட் பக்கம் போகும் வண்டிகளில் ஏற முடியாது, முன்பே கிளம்புங்கள். வேலைக்கு என்னென்ன சோதனை வைப்பார்கள் என்று ஊரிலிருந்தே போனில் கேளுங்கள். கை வேர்க்கும், கண்ணில் நிறம் தெரியாது என்பதெல்லாம் நம் வீட்டில் சாதாரணம், இங்கே அப்படி இல்லை. ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஒரிஜினலைக் கம்பெனி மேசையில் நீங்களே காட்டி, நீங்களே திரும்ப வாங்குங்கள். வேலை உறுதியாகும்வரை தெருவில் யாரிடமும் சொல்லாதீர்கள். பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் திரும்பிப் போவது கஷ்டம்.

கடைசியாக ஒன்று. அது வேலைக்குப் போகும் அக்காக்களுக்கு இல்லை, கூடப் போகும் தங்கைகளுக்கு. பள்ளிக்கூடம் திறக்கும்வரை துணைக்கு இரு என்று சொல்லித்தான் கூட்டிப்போவார்கள், அவர்கள் பொய் சொல்லவும் இல்லை. அங்கே ஒருவர் உங்களைப் பாப்பா என்று கூப்பிட்டு, சும்மா விளையாட்டுக்கு என்று கையை நீட்டச் சொல்வார். நீட்டாதீர்கள்.